அந்நியப் பறவை என்று ஒன்று உண்டா?

புரட்டாசி கழிந்து ஐப்பசி பிறந்து, வங்கக் கடலின் மேல் முதல் மழைமேகம் திரளும் நாளில், நம் நாளிதழ்களில் ஆண்டு தவறாமல் ஒரு படம் வெளியாகும். நீர்ப்பரப்பில் நிற்கும் பறவைக் கூட்டம். அதன் தலைமேல் கொட்டை எழுத்தில், ‘வெளிநாட்டுப் பறவைகள் படையெடுப்பு!’ கீழே நான்கு வரிச் செய்தி: இலட்சக்கணக்கான வெளிநாட்டுப் பறவைகள் இனப்பெருக்கத்திற்காக வந்து குவிந்துள்ளன, சுற்றுலாப் பயணிகள் கண்டு களிக்கின்றனர். அவ்வளவே. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் வேடந்தாங்கலுக்கும் அதே வரிகள். கோடியக்கரைக்கும் அதே வரிகள். கூந்தன்குளத்திற்கும் அதே வரிகள்.

இந்த நான்கு வரிக்குள் எத்தனை பிழைகள்! ‘வெளிநாடு’ என்பது பிழை. ‘இனப்பெருக்கத்திற்காக’ என்பது பெரும்பிழை. ‘படையெடுப்பு’ என்பதோ பழி. ‘இலட்சக்கணக்கில்’ என்பது எண்ணிப் பாராமல் எழுதியது.

ஒரு சொல்தானே, போகட்டும் என விட்டுவிடலாகாதா என்று கேட்பார் உளர். விடலாகாது. ஒன்றைத் தவறான பெயரிட்டு அழைக்கும் சமுதாயம் அதைத் தவறாகவே நடத்தும். ‘தரிசு’ என்று பெயரிட்ட பின்னரே ஏரி வீட்டுமனையாகிறது. ‘வெளிநாட்டுப் பறவை’ என்று பெயரிட்ட பின்னரே, அதன் வாழ்வுக்கும் சாவுக்கும் நாம் பொறுப்பில்லை என்ற மனநிலை நமக்குள் குடியேறுகிறது. ஆகவே இச்சொல்லோடு வழக்காடுவது வீண் வேலை அன்று.

யார் வெளிநாட்டார்?

நாகூரிலிருந்து தெற்கே கடலோரமாகச் சென்றால், வேதாரணியத்திற்கும் தோப்புத்துறைக்கும் அப்பால், நிலம் கடலுக்குள் மூக்கை நீட்டி மேற்கே திரும்பும் இடம் கோடியக்கரை. ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் பாக்கு நீரிணை, அதற்கப்பால் இலங்கை. வடக்கிலிருந்து கடற்கரையைப் பற்றியவாறே வரும் பறவைக்கு நிலம் முடியும் முனை இது. இங்கே தங்குவனவும் உண்டு. இளைப்பாறி இலங்கைக்குப் பறப்பனவும் உண்டு. 1967இல் இது சரணாலயமாயிற்று. 2002இல், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளையும் சேர்த்து, உலகச் சிறப்புடைய ஈரநிலம் என்ற ராம்சார் தகுதியும் பெற்றது.

இங்குள்ள சேற்றில் வளைந்த அலகுடைய ஓர் உள்ளான் இனம் மேய்வதைக் காணலாம். அறுபது கிராம் எடை தேறினால் பெரிது. இது முட்டையிடுவது வட சைபீரியாவின் டைமிர் தீபகற்பத்தை ஒட்டிய பனிவெளியில். சூன் மாதத்தில் அங்கே பனி உருகும், பறவை சேரும், இணை சேரும், பெண் அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் தெற்கு நோக்கிக் கிளம்பிவிடும். குஞ்சுகள் வளர வளரப் பெண்ணும் புறப்பட்டுவிடும். எஞ்சிய குஞ்சுகள், முன்னே பின்னே இவ்வழியைக் கண்டறியாதவை, தாய் தந்தையின் துணையின்றித் தாமே புறப்பட்டு வந்து சேர்கின்றன. ஆகஸ்டு முடிவதற்குள் மூத்தவை நம் கரையில் இறங்கத் தொடங்கும். ஏப்ரல் வரை இங்கேதான் வாழ்க்கை. முதலாண்டுப் பறவைகளில் சில, அடுத்த கோடையிலும் வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடுவதும் உண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு இரண்டு மாதம் அங்கே, எட்டு மாதம் இங்கே, மிச்சம் வழியில். எட்டு மாதம் நம் மண்ணில் உண்டு, நம் மழையில் நனைந்து, நம் வெயிலில் காய்ந்து வாழும் ஒன்றை ‘வெளிநாட்டுப் பறவை’ என்பது எந்த ஊர் நியாயம்?

நம் கடற்கரை ஊர்களில் ‘சபுராளி’ என்றொரு சொல் உண்டு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும், பின்னாளில் வளைகுடாவுக்கும் பிழைக்கச் சென்றவரை அப்படித்தான் அழைத்தோம். ஆண்டில் பத்து மாதம் அக்கரையில் கழித்து, இரண்டு மாதம் ஊரில் தங்கிப் போகிறவரை எந்தத் தெருவாவது ‘வெளிநாட்டார்’ என்று அழைத்ததுண்டா? போவதும் வருவதுமே வாழ்வாகக் கொண்டவருக்கு இரு கரையும் சொந்தம் என்பதைப் பிறர் அறியாவிட்டாலும், கப்பல் ஏறியும் விமானம் ஏறியும் பிழைத்த நம் குடும்பங்கள் அறியும். உள்ளானும் ஒரு சபுராளியே. அதற்கு இரண்டு ஊர் உண்டு. இரண்டில் ஒன்று அழிந்தாலும் அது அநாதை.

‘பிறந்த இடம்தானே சொந்த ஊர்?’ என வாதிப்பார்க்கும் ஒன்று சொல்வோம். அந்த அளவுகோலையேனும் நேர்மையாகப் பயன்படுத்துங்கள். கோடியக்கரைக்கு வரும் பெரும் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும் பேரூர் குசராத்தின் கட்ச் ரண் பகுதியில் உள்ளது. நம் கொல்லைப்புறத்தில் ஐப்பசி மாதத்து விடிகாலையிலும் அந்தியிலும் இருமுறை விசிலடித்துத் தன் வரவை அறிவிக்கும் ஆறுமணிக்குருவி, இமயத்தின் அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியாவிலும் பிறந்தது. இவை பிறப்பாலும் இந்நாட்டவை அன்றோ? இவற்றையும் சேர்த்து ‘வெளிநாடு’ என்று எழுதும் பேனா, பிறப்பையும் பார்க்கவில்லை, வாழ்வையும் பார்க்கவில்லை. பழக்கம் ஒன்றையே பார்த்தது.

முட்டையிட வந்தனவா?

அடுத்த பிழை இன்னும் கேடு விளைப்பது. இலையுதிர் காலத்தில் வடக்கிலிருந்து இறங்கும் உள்ளான்களும், நீர்க்கோழி போல் மிதக்கும் வடபுல வாத்துகளும், மின்கம்பியில் வரிசை பிடிக்கும் தகைவிலான்களும் நம் கரையில் முட்டையிடுவதில்லை. மத்திய ஆசியப் புல்வெளியில் குஞ்சு பொரித்துவிட்டு வரும் சூறைக்குருவியும் இங்கே கூடு கட்டுவதில்லை. இவை இங்கே வருவது உண்டு பிழைக்க, இறகு மாற்றிக்கொள்ள, மீண்டும் பறப்பதற்கு வேண்டிய கொழுப்பை உடலில் சேமித்துக்கொள்ள.

வேடந்தாங்கலில் மரங்களின் மேல் கூடு கட்டுவன யாவை? நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், கூழைக்கடா. இவை பெரும்பாலும் இந்நாட்டு நீர்நிலைகளுக்குள்ளேயே இடம் மாறி வாழ்பவை. ஆக, கூடு கட்டுவது உள்நாட்டுப் பறவை. வடக்கிலிருந்து வந்தது கூடு கட்டுவதில்லை. செய்தித்தாள் இரண்டையும் ஒரே குழம்பாக்கிவிடுகிறது.

இதனால் விளையும் தீங்கு என்ன? பறவை முட்டையிட வருகிறது என நம்புகிற ஊர், மரத்தைக் காக்கும், சேற்றைக் கைவிடும். மரம் கண்ணுக்குத் தெரிகிறது. படமெடுக்க அழகாக இருக்கிறது. சேறோ நாறுகிறது. ஆனால் வடபுலத்திலிருந்து வரும் பறவைக்குச் சேறுதான் வயல், சேறுதான் சந்தை, சேறுதான் சோற்றுப்பானை.

அந்தச் சேற்றை அருகிருந்து நோக்கியவர் அதில் உள்ள ஒழுங்கைக் கண்டு வியப்பர். கொசு உள்ளான் என்று ஒன்று. இருபத்தைந்து கிராம் எடையுள்ள அப்பறவையின் அலகு குட்டை. சேற்றின் மேற்பரப்பில் உள்ளதையே பொறுக்கும். அதனினும் சற்று நீண்ட அலகுடையது சிறிது ஆழத்தில் துழாவும். நீண்டு வளைந்த அலகுடைய பெரிய கோட்டான், சேற்றுக்குள் ஆழப் புதைந்த நண்டையும் புழுவையும் இழுத்தெடுக்கும். பூநாரையோ அலகைக் கவிழ்த்து நீரையே சலித்து உண்ணும். ஒரே பந்தியில் ஒன்றன் கையை ஒன்று தட்டாமல் உண்ணும் ஏற்பாடு இது. நீர்மட்டம் ஒரு சாண் ஏறினாலே சிற்றுள்ளான்களுக்கு இடமில்லை; அதன் கால் எட்டாது. நீர் முற்றிலும் வற்றினாலும் உணவில்லை, சேறு இறுகிவிடும். மழைநீரும் கடல்நீரும் கலக்கும் அளவு மாறினால், சேற்றுக்குள் வாழும் புழு பூச்சிகளும் மாறிவிடும்.

இந்த நுட்பமான சமநிலையைத்தான் நாம் குலைத்துக்கொண்டிருக்கிறோம். காவிரியின் கடைமடைக்கு வரவேண்டிய நன்னீர் குறைந்தால் சதுப்பு நிலத்தின் உப்பு ஏறும். வாய்க்கால்கள் தூர்ந்தால் மழைநீர் வழிமாறும். உப்பளங்கள் விரிந்தால் சதுப்பின் இயல்பான நீரோட்டம் மறிக்கப்படும். ஊர்க் குப்பையைக் கொட்டவும் கழிவுநீரை விடவும் சதுப்பைத் தவிர வேறிடம் தெரியாத ஊராட்சிகளுக்கும் குறைவில்லை. உப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. 1930இல் உப்பெடுத்துச் சிறை சென்ற மண் வேதாரணியம். உப்பளத் தொழிலாளியின் கூலியும் பறவையின் உணவும் ஒரே சதுப்பிலிருந்து வருகின்றன என்பதை ஏற்று, நீரின் அளவையும் நிலத்தின் எல்லையையும் வகுத்து ஆளுங்கள் என்றே சொல்கிறோம்.

விருந்தாளி என்னும் சாக்கு

‘வெளிநாட்டுப் பறவை’ என்பதைக் கொஞ்சம் இனிப்பாக்கி, ‘சிறகு முளைத்த விருந்தாளிகள்’ என எழுதுவோரும் உண்டு. கேட்க இனிமைதான். ஆனால் விருந்தாளி வந்தால் மகிழ்வோம். வராவிட்டால், ‘அவருக்கு என்ன இடைஞ்சலோ’ என்று இருந்துவிடுவோம். விருந்தாளியின் நோய்க்கும் கடனுக்கும் நாம் பொறுப்பல்ல. வந்தவை குறைந்துவிட்டன என்றதும், ‘சைபீரியாவில் ஏதோ கோளாறாம்’, ‘தட்பவெப்பம் மாறிவிட்டதாம்’ என்று பழியை வடதுருவத்தின் மேல் போட்டு நாம் கை கழுவிக்கொள்வது இந்த விருந்தாளிப் பேச்சின் பயனே. பனிவெளி மாறுகிறது என்பது உண்மை. அதற்காக நம் கரையின் குற்றம் இல்லாததாகிவிடாது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அது விருந்தாளியையே விருந்தாக்குகிறது. மழைக்காலம் தொடங்கியதும் நெல்வயலிலும் சதுப்பிலும் கண்ணி வைப்பதும், வலை விரிப்பதும், சிறு துப்பாக்கியோடு திரிவதும், பிடித்ததைக் கால் கட்டிச் சாலையோரம் விற்பதும் கடலோர மாவட்டங்கள் அறியாத செய்தியா? மார்க்கச் சட்டத்தின் வினாவுக்குள் இக்கட்டுரை புகவில்லை, அதற்குரியவர் வேறு. நாட்டின் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். வாங்குகிறவன் இல்லையேல் விற்பவன் இல்லை. ‘மழைக்கு இதமான கறி’ என்று பெருமை பேசி வாங்கும் வசதி படைத்தவன் குற்றத்தில் பாதியை ஏற்கட்டும். பிடித்து விற்கும் ஏழைக்கு மழைக்காலத்தில் வேறு பிழைப்புக்கு வழி என்ன என்பதையும் ஊர்ப் பெரியவர்கள் எண்ணட்டும்.

‘காலங்காலமாக நடப்பதை நிறுத்த முடியுமா?’ என்பது சோம்பேறியின் வாதம். நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கத்தருகே, சைபீரியப் பகுதியிலிருந்து ஆப்பிரிக்கா செல்லும் அமூர் வல்லூறுகளை 2012ஆம் ஆண்டில் ஆயிரமாயிரமாக வலையில் சிக்கவைத்துக் கொன்றார்கள். செய்தி உலகெங்கும் பரவியது. அடுத்த ஆண்டு, 2013இல், அதே ஊர்மக்கள் அதே பறவைகளுக்குக் காவலர் ஆனார்கள். அவ்வளவு தொலைவு போவானேன்? சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவை அஞ்சும் என்பதற்காகத் தீபாவளியிலும் வெடி வெடிப்பதில்லை. அந்த ஊரார் பறவையை விருந்தாளியாகப் பார்த்திருந்தால், படம் எடுத்துக்கொண்டு வெடியும் வெடித்திருப்பார்கள். அதைத் தம் ஊராராகக் கருதியதனாலேயே ஒரு நாள் மகிழ்ச்சியை விட்டுக் கொடுத்தார்கள்.

எண்ணாதவன் இழப்பை அறியான்

இனி ‘இலட்சக்கணக்கில்’ என்ற சொல்லுக்கு வருவோம். ஆண்டுதோறும் அதே சொல். பறவை பெருகினாலும் இலட்சம், பாதியானாலும் இலட்சம். இச்சொல் இழப்பின்மேல் போர்த்திய போர்வை. 1980களில் கோடியக்கரையில் வலை விரித்துப் பறவையைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையமிட்டு விடுவித்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர்கள், பிந்திய ஆண்டுகளின் கணக்கோடு ஒப்பிட்டு, உள்ளான் இனங்கள் பெரிதும் குறைந்துவிட்டன என்றே எழுதியுள்ளனர். எண்ணியவர்கள் அறிந்தார்கள். எண்ணாதவர்கள் இன்னும் ‘இலட்சம்’ என்றே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கழகத்தின் பெயரைச் சொன்னால் சாலிம் அலி அவர்களின் பெயர் உடன் வரும். 1896இல் பம்பாயில் பிறந்து, பெற்றோரை இளமையிலேயே இழந்து, மாமன் வீட்டில் வளர்ந்து, 1987இல் மறையும்வரை பறவைகளின் பின்னே நடந்த பெருமகன். அவருடைய முயற்சியால் எழுந்த வலசை ஆய்வுக்கு உலகச் சுகாதார நிறுவனமே துணை நின்றது. ஏன்? 1957இல் கர்நாடகத்துக் கியாசனூர் காட்டருகே புதிய காய்ச்சல் ஒன்று மக்களைக் கொன்றது. உண்ணி வழியே பரவிய அந்நோய், வடக்கே உருசிய நாட்டில் கண்ட நோய்க்கு உறவானது. வலசைப் பறவைதான் உண்ணியைச் சுமந்து வந்ததோ என்ற ஐயம் எழுந்தது. அதை ஆராயவே பறவையின் வழியை அறிய வேண்டியிருந்தது. ‘பறவை பார்ப்பது வேலையற்றவன் வேலை’ என்று நகைப்போர் இதனை நினைக்கட்டும்.

நாமோ, ‘சாலிம் அலி நம்மவர்’ என்று மேடையிலே முழங்குகிறோம்; மாணவர் மலரிலே அவர் படத்தை அச்சிடுகிறோம். அத்தோடு நம் கடமை தீர்ந்தது! நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் முருங்கை மரத்தில் இன்று வந்து அமர்ந்த பறவை எது என்று கேட்டால், நம் பிள்ளைக்குப் பெயர் தெரியாது, நமக்கும் தெரியாது. பெருமை பேசுவது எளிது. குனிந்து பார்ப்பதுதான் அரிது.

உள்ளூரில் ஒருவர் கண்ட ஒரு காட்சிக்கு என்ன மதிப்பு என்று எண்ண வேண்டாம். செருமனியில் 1822இல், கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி பாய்ந்த நிலையில் ஒரு செங்கால் நாரை பிடிபட்டது. நாரை குளிர்காலத்தில் எங்கே போகிறது என்று அறியாது மயங்கிய ஐரோப்பாவுக்கு அந்த ஒரு பறவையே விடை சொல்லிற்று. நம் சத்திமுற்றப் புலவரோ, அதே செங்கால் நாரை தென்குமரிக்கும் வடதிசைக்கும் போய்வருவதை அறிந்து, அதையே தூதாக விடுத்தவர். கண்டதைக் கண்டபடி சொல்லும் மரபு நமக்குப் புதிதன்று, நாம் கைவிட்டது.

2023இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற அறிக்கை, 30,000க்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் பதிந்த ஏறத்தாழ 3 கோடி குறிப்புகளைக் கொண்டு எழுந்தது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 204 இனங்கள் குறைந்துவிட்டன. 36 மட்டுமே பெருகியுள்ளன. இந்த உண்மையை நாட்டுக்குச் சொன்னவர்கள் ஆசிரியர்களும் மாணவர்களும் வணிகர்களும் இல்லத்தரசிகளும்தாம். அந்த ஏட்டில் நாகூரின் வரி எத்தனை? முத்துப்பேட்டையின் வரி எத்தனை? அதிராம்பட்டினத்தின், கீழக்கரையின் வரி எத்தனை? எவர் எழுதவில்லையோ, அவர் ஊரின் இழப்பு கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாத இழப்புக்கு எந்த அரசும் பதில் சொல்லாது.

செய்ய வேண்டுவது

பெரிதாக ஒன்றும் வேண்டா. வீட்டுக்கு ஒரு குறிப்பேடு போதும். நாள், இடம், பறவையின் பெயர், எண்ணிக்கை: இந்நான்கையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் அலகின் நீளத்தையும் எழுதுங்கள். ஆறுமணிக்குருவியின் முதல் விசில் கொல்லையில் கேட்ட நாளை வீட்டுப் பெண்மக்கள் குறிக்கலாம்; அதற்கு வாசற்படி தாண்ட வேண்டியதும் இல்லை. தகைவிலான் கம்பியில் அமர்ந்த நாளைப் பள்ளி செல்லும் பிள்ளை குறிக்கட்டும். கடலுக்குப் போகிறவரும் உப்பளத்தில் உழைப்பவரும் நமக்கெல்லாம் ஆசிரியர்கள். அவர்கள் வாயிலிருக்கும் பறவைப் பெயர்களை, அவர்களோடு மறைந்துபோகும் முன்னர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ‘இவ்வாண்டு வரவில்லை’ என்பதும் ஒரு செய்தியே, அதையும் எழுதுங்கள். காலில் வளையமிட்ட பறவை இறந்து கிடக்கக் கண்டால், வளையத்தின் எண்ணை எழுதிப் பம்பாய்க் கழகத்திற்குத் தெரிவியுங்கள். எங்கோ வளையமிட்ட ஒருவர் அந்த ஒரு வரிக்காகக் காத்திருப்பார்.

இதழாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஐப்பசியில் அந்தப் படத்தை அச்சிடுங்கள். ஆனால் தலைப்பை மாற்றுங்கள். ‘வலசைப் பறவைகள் வந்து சேர்ந்தன’ என எழுதுங்கள். எவை வந்தன, எத்தனை வந்தன, சென்ற ஆண்டினும் கூடுதலா குறைவா என்று கேட்டு எழுதுங்கள். அவை மேயும் சதுப்பு எந்நிலையில் இருக்கிறது என்பதையும் அதே செய்தியில் ஒரு வரி சேருங்கள்.

பனிவெளியிலிருந்து தாய் தந்தை துணையின்றிப் புறப்பட்ட குஞ்சு, தான் என்றும் கண்டிராத இக்கரையைத் தன் ஊரென நம்பி வருகிறது. அது இறங்கும் நாளில் சேறு சேறாக இருக்க வேண்டும். கண்ணி இருத்தல் ஆகாது. இவ்விரண்டையும் செய்ய வேண்டியவர் சைபீரியாவில் இல்லை. இக்கரையில் வாழும் நாமே.